விரற்கடை எண்ணெய்

சபூராவின் அடுப்படி அலமாரியில் பன்னீர் வந்த பழைய பாட்டில் ஒன்று இருந்தது. அதில் தேங்காயெண்ணெய். அன்றாடப் புழக்கத்துக்கு வேறு சட்டி உண்டு. இது நாள் கிழமைக்கென்று கழுத்துவரை ஊற்றி வைத்தது. அதன் ஒல்லிக் கழுத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தாள். அந்தக் கோடு பக்கத்து வீட்டுக் காமாரியாவுக்காகப் போட்டது. இரண்டு வீட்டுக்கும் பின்கட்டு ஒன்று, கிணறு ஒன்று, அடுப்படிக் கதவுகள் எதிரெதிர். மத்தியானம் கோட்டைத் தொட்டு நிற்கிற எண்ணெய், விடியற்காலையில் பார்த்தால் ஒரு விரற்கடை கீழே கிடக்கும். மறுபடி மத்தியானம் பார்த்தால் கோட்டுக்கு வந்திருக்கும். எடுத்தவள் பயந்துபோய்த் திரும்ப ஊற்றிவிட்டாள் என்று சபூரா முடிவு கட்டியிருந்தாள். ஒரு வருஷமாகக் காமாரியாவோடு சிரித்துப் பேசிக்கொண்டே கோடு அழியாமல் பார்த்துக்கொண்டாள்.

குணம் அப்படி. மீன்காரன் நிறுத்தால் தராசுத் தட்டுக்கு அடியில் கைவிட்டுத் தடவிப் பார்ப்பாள். துணி வாங்கினால் கடைக்காரன் முழத்தை நம்பாமல் தன் கையால் ஒரு முழம் போடுவாள். அவள் தம்பி ஹபீப் முகம்மது, “எங்க லாத்தாவுக்கு நிலாவைக் காட்டினாலும் பின்பக்கம் என்னா இருக்குன்னு கேக்கும்” என்று கேலி செய்வான். கட்டின புருஷனை மட்டும் அவள் அதுவரை அளந்து பார்த்ததில்லை.

புருஷன் ஷேக் அலாவுதீனுக்கு வேலையே அளப்பதுதான். பினாங்கு ஜெலுத்தோங் கடலோரத்தில் ஒரு கம்பெனியின் பெட்ரோல் கிடங்கு இருந்தது. கப்பலில் வரும் பெட்ரோலைப் பெரிய இரும்புத் தாங்கியில் ஏற்றி வைப்பார்கள். அங்கிருந்து தகரத்திலும் பீப்பாயிலும் ஊருக்குள் போகும். வெளியே போகிற ஒவ்வொரு கேலனுக்கும் சர்க்காருக்குத் தீர்வை உண்டு. ஆகவே வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, இருப்பு எவ்வளவு என்று தினமும் எழுதி, மாதக் கடைசியில் தீர்வை ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். இருப்பை எழுதுவது அலாவுதீன். தாங்கியின் இரும்பு ஏணியில் ஏறி, அளவுகோலில் சாக்குக்கட்டி தேய்த்து, மேல்மூடியைத் திறந்து, கோலை அடிவரை இறக்கித் தூக்குவார். சாக்குக்கட்டி எதுவரை நனைந்திருக்கிறதோ அதுதான் இருப்பு. கம்பெனிப் படிவமான பாரத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். பாரத்தில் மணியும் அச்சடித்தே வரும்: பிற்பகல் மூன்று. பன்னிரண்டு வருஷமாக அவர் கோலும் பிசகவில்லை, கையெழுத்தும் பிசகவில்லை.

அது ரப்பர் விலை மண்ணாய்ப் போன வருஷம். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டங்களில் ஆட்களைப் பேர் அடித்து ஊருக்குக் கப்பலேற்றிக் கொண்டிருந்தார்கள். டவுனிலும் அதே கதைதான். வேலையில் இருப்பவன் தும்மும்போதுகூட, சளி பிடித்தவன் வேண்டாம் என்று அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து தும்மினான். அந்த வருஷம் நோன்பு ஜனவரிப் பின்பாதி வெயிலில் வந்தது.

பதினேழாம் நோன்பு, பிப்ரவரி முதல் வியாழக்கிழமை. சபூரா கஞ்சிக்கு அரிசியைக் களைந்து வைத்துவிட்டு இஞ்சியைத் தட்டிக்கொண்டிருந்தாள். துத்தநாகக் கூரையிலிருந்து சூடு தலையில் இறங்கியது. முன்னறையில் அலாவுதீன் பாயில் படுத்து நல்ல தூக்கம். வாசலில் குடையை மடக்கும் சத்தம் கேட்டது. கம்பெனியின் டவுன் ஆபீசில் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணியாக இருக்கும் அய்யாக்கண்ணு நின்றுகொண்டிருந்தார். மாதத்துக்கு ஒருமுறை கிடங்குக்கு வருகிற மனிதர் வீட்டு வாசலுக்கு வந்ததில்லை.

“பாய் இருக்காரா, தங்கச்சி?”

“தூங்குறாக அண்ணே. எழுப்பட்டுமா?”

கிராணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாகி ஐந்து நிமிஷம். பிறகு பாயில் கிடந்தவரைப் பார்த்தார்.

“தினம் இந்நேரம் தூங்குவாரா?”

“நோன்பு வச்ச உடம்புதானே அண்ணே. சஹருக்கு எழுந்தா அப்புறம்…” என்று தொடங்கிய சபூரா பாதியில் நிறுத்தினாள். கிராணி மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்ததுதான் காரணம். சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. அது என்னவென்று தெரியவில்லை.

அலாவுதீன் எழுந்து முகம் கழுவி வந்தார். சபூரா திரைக்குப் பின்னால் உரலோடு உட்கார்ந்துகொண்டாள். இடிக்கிற கை இடித்தது, காது முன்னறையில் இருந்தது.

“மாசக் கணக்கு இடிக்குது பாய். ஆவியாப் போறதுக்குன்னு சர்க்கார் விடுற கழிவு போக, நாப்பத்தாறு கேலன் காணோம்.”

“நாப்பத்தாறா?”

“நாப்பத்தாறு. தீர்வை ஆபீஸ் துரை சனிக்கெழம மூணு மணிக்கு நேர்ல வர்றார். கள்ளத்தனமா வெளிய போன எண்ணெய்க்குத் தீர்வை கட்டலைன்னு கேசு போடுவாங்களாம். காவல்கார ஜாகாவைக் கூப்பிட்டு விசாரிச்சேன். விடியக்காலையில கேட்டாண்ட ஒரு சின்னக் கொசு பஸ் வந்து நிக்குதுங்கிறான். உங்க மச்சினன் பஸ்ஸுதானே அது?”

அலாவுதீன் கைலி முடிச்சை இறுக்கிக்கொண்டார்.

“நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன். பஸ் ஓட்டுறவனுக்கு எண்ணெய் வேணும். உங்களுக்குத் தெரியாம எடுத்துட்டான்னு சொல்லிடுங்க. உங்க வேலை நிக்கும். இல்லேன்னா ரெண்டு பேருக்கும் ஜெயில்தான்லா. அப்புறம் இன்னொண்ணு. இந்தச் சூட்டு விஷயம், மூணு மணி விஷயமெல்லாம் துரைகிட்ட வாயைத் திறக்காதீங்க. ஒரு நூலை இழுத்தா முழுச் சட்டையும் வந்துடும்.”

கிராணி குடையை விரித்துக்கொண்டு போனார். சபூராவின் உரலில் இஞ்சி கூழாகிவிட்டிருந்தது.

நோன்பு திறக்கும்போது அலாவுதீன் ஒரு பேரீச்சம்பழத்தைத் தின்றுவிட்டுக் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

“உப்பு போதலையா?”

“போதும்.”

“அப்ப தொண்டையில என்னா அடைக்குது? விடியக்காலையில கெடங்குக்கு ஏன் போறீங்க? சுபுஹு தொழப் போறேன்னுதானே எங்கிட்ட சொன்னீங்க? கைலியில பெட்ரோல் நாத்தம் அடிச்சப்பவே கேக்கணும்னு நெனச்சேன். பள்ளிவாசல்ல என்னா பெட்ரோல்லயா கைகால் கழுவி ஒளு செய்யுறாங்க?”

“தொழுதுட்டுத்தான் போறேன். வேலை இருக்கு.”

“என்னா வேலை?”

“நீ கேக்காதே. நான் ஒரு சொட்டும் எடுக்கலை. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது.”

“என் தம்பி எடுத்தானா?”

இல்லை என்று சொல்ல அவருக்கு ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியை அவர் கஞ்சியைப் பார்த்தே கழித்தார். “நான் மேல நிக்கிறப்ப அவன் கேட்டாண்டதான் நிக்கிறான். கீழ என்னா நடக்குதுன்னு எனக்கு எப்புடித் தெரியும்?” என்றார் பிறகு.

புருஷன் பொய் சொல்கிறாரா, தம்பி திருடினானா, இல்லை இரண்டு பேரும் சேர்ந்து தன்னை ஏமாற்றுகிறார்களா? பாம்பென்று அடிக்கவும் முடியவில்லை, பழுதென்று தாண்டவும் முடியவில்லை. சோற்றுக்கு வழிசெய்கிற புருஷனும் ஜெயிலுக்கு, கூடப் பிறந்த ஒரே தம்பியும் ஜெயிலுக்கு என்றால் அவளுக்கு இந்தப் பினாங்கில் யார் இருக்கிறார்கள்?

மறுநாள் காலை பிராங்கின் பாசார் சந்தைக்குப் பக்கத்தில் பஸ்கள் நிற்கும் இடத்துக்குப் போனாள். ஹபீப் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தான். ஏழு பேர் ஏறுகிற வண்டியில் பத்துப் பேரை ஏற்றிப் பாலிக் புலாவ் மலைப்பாதையில் ஓட்டுகிறவன். ஜாதிக்காய்க் கூடையோடு நாலைந்து பேர் வண்டி கிளம்பக் காத்திருந்தார்கள். அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். தானும் நோன்பு, அவனும் நோன்பு, வெயில் வேறு. வாய் முந்திக்கொண்டது.

“நாப்பத்தாறு கேலன் எண்ணெய் எங்கடா?”

“எந்த எண்ணெய்?”

“கெடங்கு எண்ணெய். மச்சான் கண்ணுல மண்ணைத் தூவிட்டு விடியக்காலையில எடுத்தியே, அது.”

ஜாதிக்காய்க் கூடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து பஸ்காரன் துடைப்பதை நிறுத்தினான்.

“லாத்தா, நீ கேக்குறியா, இல்ல முடிவு பண்ணிட்டு வந்திருக்கியா?”

“கேட்டுட்டேன். பதில் சொல்லு.”

“போன வருசம் நோன்புல உன் புருஷன் அந்த ஏணியில கண்ணு இருட்டி விழப் பாத்தாரு. உனக்குத் தெரியுமா? உங்கிட்ட சொல்லலை. பயந்துக்குவேன்னு. நடந்து போக முடியலைன்னு சொன்னாரு, போற வழிதானேன்னு ஏத்தி இறக்குறேன். நான் பம்புல காசு குடுத்து ஊத்துறவன்லா. நம்பலையா? இந்தா.” அவன் பின்பக்கம் போய் எண்ணெய் மூடியைத் திருகிக் கழற்றி அவள் கையில் திணித்தான். “ஒரு குச்சி எடுத்து அளந்து பாரு. எவ்வளவு திருட்டு எண்ணெய், எவ்வளவு நல்ல எண்ணெய்னு பிரிச்சு எடுத்துக்க.”

“நாக்கை அடக்கிப் பேசு.”

“நீ அடக்கினியா? இத்தனை பேருக்கு முன்னாடி என்னைக் கள்ளன்னுட்டே. இனி உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். போ.”

எண்ணெய் மூடி கையில் இருந்ததே பாதி தூரம் வந்தபிறகுதான் தெரிந்தது. திரும்பிப் போய் ஒரு கூடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? ஜும்ஆ தொழுகை முடிவதற்குள் செய்தி காவல் நிலையம் போய்விட்டது. அக்காவே சொல்லிவிட்டாள், அதற்கு மேல் சாட்சி எதற்கு? அஸர் தொழுகைக்கு முன்னால் இரண்டு போலீஸ் மாத்தா வந்து ஹபீபையும் பஸ்ஸையும் கொண்டுபோனார்கள். இரவு அவனை விட்டுவிட்டார்கள், பஸ்ஸை விடவில்லை. காமாரியாதான் வந்து சொன்னாள். அவளுக்குத் தமிழும் மலாயும் ஒரே வாயில் வரும். “காசிஹான்லா, பாவம் உன் தம்பி. பஸ் இல்லேன்னா அந்தப் பையன் என்னா சாப்பிடுவான்? யாரு போட்டுக் குடுத்தாங்களாம்?” என்று கேட்டாள். சபூரா கிணற்றில் வாளியை விட்டாள்.

சனிக்கிழமை சஹர் முடித்து அலாவுதீன் கிளம்பியதும், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவளும் பின்னால் நடந்தாள். அவர் பள்ளிவாசலில் தொழுதார். தொழுதுவிட்டுக் கிடங்குப் பக்கம் நடந்தார். கடலில் இருந்து குளிர் அடித்தது. கிழக்கே லேசாக வெளுத்தது. ஜாகா கேட்டைத் திறந்துவிட்டுத் தன் கயிற்றுக் கட்டிலுக்குப் போய்விட்டான். சபூரா வேலியோரம் நின்று பார்த்தாள். அலாவுதீன் ஏணியில் ஏறினார். மூன்று படிக்கு ஒரு தரம் நின்றார். மேலே போய்க் கோலுக்குச் சாக்குக்கட்டி தேய்த்தார், இறக்கினார், தூக்கினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கீழே வந்து மூடி வைத்த குழாயை ஒரு முறை தடவிச் சரிபார்த்தார். தகரம் இல்லை, பீப்பாய் இல்லை, ஒரு சொட்டு வெளியே வரவில்லை. பெட்டி மேல் பாரத்தை வைத்து எழுத ஆரம்பித்தார். சபூரா பின்னால் போய் நின்றாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. மணி எழுத்து தெரியும்.

“இப்ப மணி அஞ்சரை. மூணுன்னு போட்டிருக்கு, நீங்க கையெழுத்து போடுறீங்க.”

அவர் துள்ளிப் போனார். பேனா கீழே விழுந்தது.

“நீ எதுக்கு வந்தே?”

“திருடனைப் பிடிக்க வந்தேன். சொல்லுங்க.”

அலாவுதீன் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். “நேத்து மூணு மணி இருப்பை இன்னைக்குக் காலையில எழுதுறேன். நோன்பு தொடங்கினதுலேர்ந்து இப்புடித்தான். ரெண்டரைக்குக் குழாயைப் பூட்டுறாங்க. மறுநாள் ஆறு மணிக்குத்தான் திறக்கிறாங்க. நடுவுல ஒரு சொட்டு போறதுமில்ல, வர்றதுமில்ல. மூணு மணிக்குப் பாத்தா என்னா, காலையில பாத்தா என்னா? அதே எண்ணெய்தானேன்னு நெனச்சேன். நோன்பை விடவும் மனசில்ல, ஏணியிலேர்ந்து விழவும் மனசில்ல.”

“சூட்டு விஷயம்னாரே கிராணி, அது என்னா?”

“எண்ணெய் எவ்வளவு சூடுன்னு ஒரு கட்டம் இருக்கு. அதைப் பாக்குற கண்ணாடிக் குழல் உடைஞ்சு ரெண்டு வருசம் ஆச்சு. கிராணிகிட்ட புதுசு கேட்டேன். ‘எண்பத்தாறுன்னு எழுதிக்கிட்டே வாங்க பாய், அதை யாரு படிக்கிறா’ன்னாரு. எழுதுறேன்.”

“அப்ப நாப்பத்தாறு கேலன்?”

“அல்லா மேல ஆணையா தெரியாது, சபூரா. இந்தக் குழாயை நான் ராத்திரியும் பகலும் நெனச்சுப் பாத்துட்டேன். அந்த ஜாகாவா, ஹபீபா, இல்ல தாங்கியில ஓட்டையா…” அவர் கீழே விழுந்த பேனாவை எடுத்தார். “மூணு மணின்னு பொய் எழுதினேன்னு நானே சொன்னா, எண்ணெயையும் நீதான் எடுத்தேன்னு சொல்லுவான்ல?”

அவளுக்கு அவர்மேல் இரக்கமும் வந்தது, எரிச்சலும் வந்தது. நோன்பைக் காப்பாற்றுவதற்காக நோன்போடு பொய் எழுதுகிற மனுஷன் இந்த உலகத்தில் வேறு யார் இருக்க முடியும்?

வீட்டுக்கு வந்து அடுப்படிக்குள் நுழைந்ததும் கண் பழக்கப்படி பாட்டிலுக்குப் போனது. எண்ணெய் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே. அன்றைக்கிருந்த மனநிலைக்கு அது பொறுக்கவில்லை. வெளியே எண்ணெய்க் கள்ளன், உள்ளே எண்ணெய்க் கள்ளி! இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்து, ஊரைக் கூட்டி, முழுசாகத் தீர்த்துவிடுவது என்று பலகையைப் போட்டு அலமாரிக்கு எதிரே உட்கார்ந்தாள். அடுப்படிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

பத்து மணிக்குக் காமாரியா கதவைத் தட்டினாள். “சபூரா, இறால் பெலாச்சான் இருக்கா?” “இல்லை” என்று உள்ளிருந்தே பதில் போனது. பதினொன்றுக்குக் கூரை சுட ஆரம்பித்தது. சபூராவின் கழுத்தில் வேர்வை இறங்கியது. பன்னிரண்டரைக்கு லுஹர் பாங்கு கேட்டது. அப்போதுதான் பார்த்தாள். எண்ணெய்க்கும் கோட்டுக்கும் நடுவே காலையில் இருந்த இடைவெளி பாதியாகியிருந்தது.

எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. பாட்டிலைத் தொட்டாள், சுட்டது. ஒரு மணிக்கு மேல் எண்ணெய் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. யாரும் எடுக்கவில்லை. யாரும் ஊற்றவும் இல்லை. ஒரு வருஷமாக அது குளிரில் தானே இறங்கி, சூட்டில் தானே ஏறிக்கொண்டிருந்தது.

காமாரியாவை நினைத்து சபூராவுக்கு முகம் கூசியது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதானா? அதற்குப் பிறகுதான் அந்த இரும்புத் தாங்கி நினைப்புக்கு வந்தது. இந்தப் பாட்டிலுக்கே ஒரு விரற்கடை என்றால், அந்தத் தாங்கிக்கு?

“என்னாங்க! எழுந்திரிங்க!”

கிடங்கிலிருந்து வந்து படுத்த அலாவுதீன் தூங்கியிருக்கவில்லை, சுவரைப் பார்த்துக் கிடந்தார். அவள் பாட்டிலை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவர் பாட்டிலை வாங்கி, கோலைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். உதடு ஏதோ கணக்குப் போட்டது.

“டிசம்பர் கடைசியில மத்தியானம் பாத்து எழுதினேன்,” என்றார் மெதுவாக. “ஜனவரி கடைசி இருப்பைக் காலையில பாத்து எழுதினேன். குளிர்ல சுருங்கின எண்ணெயை… யா அல்லா. நாப்பத்தாறும் உள்ளதான் இருக்கு.”

“அதை துரைகிட்ட சொல்லுங்க.”

“சொன்னா மணியை மாத்தி எழுதினதையும் சொல்லணுமே. வேலை போயிரும்.”

“சொல்லாட்டி என் தம்பி போயிருவான். அவன் பஸ்ஸு போனது என் வாயால. நான் கொடுத்த பழியை நீங்கதான் இறக்கணும். நீங்க சொல்லலைன்னா நான் இந்தப் பாட்டிலைத் தூக்கிட்டு வந்து கேட்டாண்ட நின்னு கத்துவேன்.”

கத்துவாள் என்பது அவருக்குத் தெரியும். சட்டையை மாட்டிக்கொண்டார்.

மூன்று மணிக்குத் தீர்வை துரை வந்தார். கூட அய்யாக்கண்ணு. சபூரா கேட்டுக்கு வெளியே நின்றாள். பக்கத்தில் ஜாகா, அவன் வேலையும் அந்தரத்தில்தான் தொங்கியது. அலாவுதீன் கைகட்டி நின்று பேசுவது தெரிந்தது. கிராணி அதை இங்கிலீஷில் மாற்றிச் சொல்ல வேண்டும். ஒரு இடத்தில் வாய் நின்றுவிட்டது. “சொல்லுங்க கிராணி. எண்பத்தாறுன்னு நீங்க எழுதச் சொன்னதையும் சொல்லுங்க” என்று அலாவுதீன் உரக்கச் சொன்னது வாசல் கேட் வரைக்கும் கேட்டது. பன்னிரண்டு வருஷத்தில் அவர் யாரிடமும் அப்படிக் குரல் உயர்த்தியதில்லை. துரை சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ‘நீ சொல்வதையும் நம்பவில்லை, இவர் சொல்வதையும் நம்பவில்லை’ என்பதுபோல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வை சபூராவுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை.

குழாய்க்கு ஈய முத்திரை வைத்தார்கள். மறுநாள் ஞாயிறு, கிடங்கு திறப்பதில்லை. விடியற்காலை ஒரு தரம், பிற்பகல் மூன்றுக்கு ஒரு தரம், துரை முன்னிலையில் அலாவுதீனே அளக்க வேண்டும் என்று உத்தரவு.

ஞாயிறு மூன்று மணி. இருபதாம் நோன்பு. இரும்பு ஏணி அடுப்பில் வைத்த தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. அலாவுதீன் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஏறினார். ஆறாம் படியில் நின்றார். ஒன்பதாம் படியில் நின்றார். “தண்ணி குடிச்சிட்டு ஏறியிருக்கலாமே” என்று ஜாகா மலாயில் முணுமுணுத்தான். சபூராவுக்கும் அந்த நேரம் அதுதான் தோன்றியது. தோன்றியதற்காக அல்லாவிடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பாவும் செய்துகொண்டாள். அவர் விழுந்தால் தாங்கிப் பிடிப்பவள்போல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, முப்பது அடி தள்ளி நின்றாள்.

மேலே மூடி திறந்தது. கோல் இறங்கியது, ஏறியது. துரை தானும் ஏறிப் போய்ப் பார்த்தார். கொண்டுவந்திருந்த கண்ணாடிக் குழலையும் நூலில் கட்டி இறக்கிப் பார்த்தார். கீழே வந்து காலை அளவையும் இப்போதைய அளவையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதினார். சபூராவுக்கு எழுத்து தெரியவில்லை, அய்யாக்கண்ணுவின் முகம் தெரிந்தது. அவர் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். ஜாகா ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வந்தான். நாற்பத்து நான்கு கேலன் கூடியிருக்கிறது. முத்திரை உடையவில்லை.

திருட்டுக் கேஸ் போய்விட்டது. திங்கட்கிழமை ஹபீபின் பஸ்ஸை விட்டார்கள். ஆனால் சர்க்காருக்குப் பொய் மணி எழுதினவன் கையில் கோல் இருக்கக்கூடாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. அலாவுதீனைத் தகரம் அடுக்குகிற ஆட்களோடு சேர்த்தார்கள், சம்பளம் பாதி. சூட்டுக் கட்டத்தில் எண்பத்தாறு எழுதச் சொன்ன அய்யாக்கண்ணு நாற்காலியிலேயே இருந்தார். எய்தவன் இருக்க அம்பை நொந்த கதைதான். புதுக் கண்ணாடிக் குழல் ஒன்று வந்தது. அது வந்ததற்குக் கிராணிக்குத்தான் பாராட்டுக் கடிதம்.

“வேலை இருக்கு, அது போதும்” என்றார் அலாவுதீன். ராத்திரி முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது மட்டும் முனகினார். சபூரா அந்தப் பன்னீர் பாட்டிலைத் திறந்து எடுத்ததும் அதற்குத்தான். முதலில் ஈரத்துணியால் கழுத்துக் கோட்டைத் துடைத்தாள். கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த காமாரியா அதைப் பார்த்துவிட்டாள்.

“அழிச்சிட்டியா? சரிலா. நானும் என்னோடதை அழிச்சிடறேன்.”

“உன்னோடதா?”

“என் பாட்டில்லயும் கோடு இருக்கு. நீதான் எடுக்கிறேன்னு நெனச்சேன்” என்று காமாரியா சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். சிரிப்பதா சண்டை போடுவதா என்று தெரியாமல், கடைசியில் சிரித்தார்கள்.

தம்பி விஷயம் அப்படிச் சிரித்துத் தீரவில்லை. தினமும் விடியற்காலை பஸ் சத்தம் வாசலைத் தாண்டிப் போகும், நிற்காது. சபூரா கஞ்சி கொடுத்தனுப்பினாள், தூக்குச்சட்டி தொடாமல் திரும்பி வந்தது. மன்னிப்புக் கேட்கப் பஸ் நிற்கிற இடத்துக்கு இரண்டு தரம் போனாள். அவளைக் கண்டதும் வண்டி கிளம்பிவிட்டது. எல்லோர் முன்னாலும் சொன்ன சொல்லை எங்கே போய்த் திரும்ப வாங்குவது?

பெருநாள் அன்று தொழுகை முடிந்து அலாவுதீன் வந்துவிட்டார். ரொட்டி ஜாலாவும் ஆட்டுக்கறியும் மூடி வைத்தபடி இருந்தன. மூன்று பேருக்குத் தட்டு வைத்திருந்தாள். பத்து மணி ஆயிற்று. மூன்றாவது தட்டை எடுத்துவிடலாமா என்று அவள் குனிந்தபோது வாசலில் பஸ் வந்து நின்றது.

ஹபீப் புதுச் சட்டையோடு இறங்கினான். கையில் ஒரு நீளக் குச்சி. அதன் நுனியில் வெள்ளையாகச் சாக்குக்கட்டி தேய்த்திருந்தது. வாசப்படிக்கு வெளியிலேயே நின்று குச்சியை நீட்டினான்.

“முதல்ல போய் அளந்துட்டு வா, லாத்தா. அப்புறம் சோறு போடு.”

அலாவுதீன் எழுந்து நின்றார். சபூரா படியிறங்கி வந்து குச்சியை வாங்கினாள். உள்ளே போனாள். அடுப்படியில் குச்சி முறிகிற சத்தம் கேட்டது, இரண்டு தரம். திரும்பி வந்தபோது கை வெறுங்கையாக இருந்தது, கண் நிறைந்திருந்தது.

“அடுப்புல வச்சிட்டேன். தப்பு பண்ணிட்டேன்டா தம்பி. ஊரு முன்னாடி சொன்னதை ஊரு முன்னாடியே இல்லைன்னு சொல்றேன். நீ சொல்ற எடத்துக்கு வர்றேன். இப்ப உள்ள வா, கறி ஆறுது.”

ஹபீப் வாசப்படியைப் பார்த்தான். பிறகு மிதித்து உள்ளே வந்தான்.

நன்றாகத்தான் சாப்பிட்டான். மச்சான் கையில் தகரம் கிழித்த காயத்தைப் பார்த்து, “கோல் பிடிச்ச கைக்கு இது சூசாதான், கஷ்டம்தான்” என்று வருத்தப்பட்டான். அக்காள் வைத்த இரண்டாவது கறித்துண்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்றிரண்டு தரம் சிரிக்கவும் செய்தான். சபூராவுக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. வழியனுப்ப வாசல்வரை போனாள்.

ஹபீப் உடனே பஸ்ஸில் ஏறவில்லை. பின்பக்கம் சுற்றிப் போனான். எண்ணெய் மூடிக்கு மேல் இரும்புப் பட்டை அடித்து, புதிதாக ஒரு பூட்டுப் போட்டிருந்தான். அதை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். நிமிர்ந்தபோது அக்காள் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டான்.

“காலம் கெட்டுக் கிடக்குலா, லாத்தா” என்றான்.

சாவியை இடுப்பு வாரில் செருகிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். சபூரா, பஸ் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.